உயிர் மீட்ட கதை – 12: குழந்தைக்குப் பட்ட கடன்

சென்ற இதழில், பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கலாசாலையைச் சேர்ந்த மின்சாரப் பொறியியல் பேராசிரியர் கூவன்ஹோவனும் அவருடைய இளைய சகாக்களான ஜூட், நிக்கர்பாக்கர் என்ற இருவரும், நின்றுபோன இருதயத்தை இயக்குவதற்கு மார்பைப் பிளக்க வேண்டியதில்லை, வெளியிலிருந்து இரண்டு கைகளால் அழுத்தினாலே போதும் என்ற உண்மையை 1960-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் உலகுக்கு அறிவித்த கட்டத்தில் கதையை நிறுத்தியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வாசகி ஒருவர் ஒரே ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கிறார்: "கைக்குழந்தைக்கும் இப்படித்தானா?" இந்த ஒரு வரிக் கேள்விக்கு வைத்திய உலகம் முறையாகப் பாடம் வகுத்துப் பதில் சொல்வதற்கு, அந்த 1960-க்குப் பிறகு இன்னும் 28 ஆண்டுகள் பிடித்தன. அந்தத் தாமதத்தின் சரித்திரந்தான் இந்த அத்தியாயம்.

பெரியவர்களுக்கென்று கண்டுபிடித்த வித்தையைப் பிற்காலத்தில் குழந்தைகளுக்கும் சுருக்கித் தந்தார்கள் என்றே நாம் பொதுவாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். பழைய ஏடுகளைப் புரட்டினால் நடந்தது நேர்மாறு என்று தெரிகிறது. பிறந்தவுடன் அழாமல் நீலம் பாரித்துக் கிடக்கும் சிசுவின் வாயோடு வாய் வைத்து ஊதி அழவைக்கும் வழக்கம் ஐரோப்பிய மருத்துவச்சிகளிடம் பல நூற்றாண்டுகளாக இருந்து வந்தது. பட்டம் பெற்ற வைத்தியர்களோ அதை நாகரிகமற்ற செயல் என்று முகஞ்சுளித்து ஒதுக்கிவிட்டு, நீரில் மூழ்கியவரைக் குப்புறக் கிடத்தி முதுகை அமுக்குவது, கைகளைத் தூக்கி இறக்குவது முதலான தங்கள் சொந்தப் பிரயோகங்களில் 200 ஆண்டுக் காலத்தைக் கழித்தார்கள்.

அந்த மருத்துவச்சிகளின் வித்தை திரும்பவும் வைத்தியசாலைக்குள் நுழைந்ததும் ஒரு குழந்தையின் வழியாகத்தான். 1946-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரத்தில் இளம்பிள்ளை வாதம் தலைவிரித்தாடிக்கொண்டிருந்த சமயத்தில், ஜேம்ஸ் எலாம் என்ற இளம் வைத்தியர் அந்த நோயாளிகளின் கூடத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். தாழ்வாரத்தின் கோடியிலிருந்து ஒரு நர்ஸ் இழுக்க, இரண்டு பணியாட்கள் தள்ள, சக்கரக் கட்டில் ஒன்று ஓட்டமாக வந்தது. அதில் கிடந்த குழந்தை நீலமாக இருந்தது. எலாம் சற்று முன்புதான் மருத்துவச்சிகள் சிசுக்களுக்கு ஊதிய வரலாற்றை ஒரு புத்தகத்தில் படித்திருந்தார். யோசிப்பதற்கு அவகாசமில்லை. கட்டிலை மறித்து நிறுத்தி, விரிப்பின் முனையால் குழந்தையின் முகத்துச் சளியை வழித்துத் துடைத்துவிட்டு, அதன் மூக்கைத் தம் உதடுகளால் கவ்வி ஊதினார். நான்கே மூச்சு, குழந்தை சிவந்துவிட்டது. வெளியே விடுகிற மூச்சுக் காற்றில் இன்னொருவரை வாழவைக்கும் அளவுக்குப் பிராணவாயு மிச்சம் இருக்கிறது என்ற பிற்கால ஆராய்ச்சிகளுக்கெல்லாம் வித்து அந்தத் தாழ்வாரத்தில் விழுந்தது.

மார்பை அழுத்தும் முறையின் ஆரம்பத்தைத் தேடிப் போனாலும் அங்கேயும் ஒரு குழந்தையே எதிர்ப்படுகிறது. கூவன்ஹோவன் குழுவினர் நாய்களிடத்தில் கண்டதைக் கேள்விப்பட்டிருந்த ஹென்றி பான்சன் என்ற அறுவை நிபுணர், 1958-இல் இருதயம் தாறுமாறாகத் துடித்துச் செயலிழந்த இரண்டு வயதுக் குழந்தைக்கு அதைச் செய்து பார்த்துப் பலன் கண்டார். கூவன்ஹோவன் குழுவினரின் 1960-ஆம் ஆண்டு அறிவிப்பு வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நடந்த காரியம் இது.

மூன்றாவது சான்று நார்வே தேசத்து ஸ்டாவாங்கர் துறைமுகத்தில் இருக்கிறது. அங்கே ஆஸ்முண்ட் லேர்டல் என்பவர் வாழ்த்து மடல்களும் குழந்தைகளுக்கான புத்தகங்களும் அச்சிட்டு, பிறகு மரப்பொம்மை செய்து, அதன் பிறகு மென்மையான பிளாஸ்டிக்கில் பொம்மைகளும் சின்னஞ்சிறு கார்களும் வார்த்து விற்றுக்கொண்டிருந்தார். 1950-களின் நடுவில் அவருடைய இரண்டு வயது மகன் தண்ணீரில் விழுந்து பேச்சு மூச்சின்றிக் கிடந்ததைத் தூக்கியெடுத்து, உள்ளே போன நீரை வெளியேற்றிப் பிழைக்கவைத்தவர் அந்தத் தகப்பனாரே. ஆகவே, சில வருஷங்கள் கழித்து பியோர்ன் லிண்ட் என்ற மயக்க மருந்து நிபுணர், வாயோடு வாய் ஊதப் பழகுவதற்கு ஒரு பொம்மை செய்து தர முடியுமா என்று வந்து கேட்டபோது, பொம்மைக்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. ஆண் பொம்மையின் வாயில் வாய் வைக்க ஆண்கள் கூசுவார்கள் என்று கருதி, உறவினர் வீட்டுச் சுவரில் தாம் கண்டிருந்த ஓர் இளம் பெண்ணின் முகவார்ப்பை (பாரிஸ் நகரத்து ஸேன் நதியில் மூழ்கி இறந்த பெயர் தெரியாத பெண்ணின் முகம் என்று வழங்கப்படுவது) அதற்குப் பொருத்தி, 1960-இல் வெளியிட்டார். 'ரெசஸி ஆன்' என்ற அந்தப் பொம்மையின் மார்புக்குள் ஒரு சுருள்வில்லும் வைத்துவிட்டால் அழுத்தவும் பழகலாமே என்று யோசனை சொன்னவர் பால்டிமோரின் பீட்டர் ஸாஃபர்.

மருத்துவச்சியின் சிசு, மினியாபோலிஸ் குழந்தை, பான்சனின் குழந்தை, பொம்மைக்காரரின் மகன் என்று இத்தனை பேரிடம் பாடம் கேட்டுக்கொண்ட வைத்திய சாஸ்திரம், பாடத்தை எழுத உட்கார்ந்தபோது அவர்களை மறந்துவிட்டது. அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. எலாமும் ஸாஃபரும் 1956-இல் ஒரு மாநாடு முடிந்து ஒரே காரில் ஊர் திரும்புகையில் பேசிப் பேசி உருவாக்கிய பரீட்சைகளுக்கு, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தை உடலில் ஏற்றுக்கொண்டு தங்கள் மூச்சைப் பிறர் கையில் ஒப்படைக்கத் துணிந்தவர்கள் வளர்ந்த மனிதர்கள்தாமே! தவிரவும், அக்காலத்து அமெரிக்காவில் மாரடைப்பினால் நடுவயது ஆண்கள் பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டிருந்தார்கள். அமெரிக்க இருதயச் சங்கம் 1974-இல் வெளியிட்ட நெறிமுறைகளிலும், அவற்றையொட்டி டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் நடத்திய உயர்நிலைப் பயிற்சியிலும் அந்த நடுவயது ஆணே நாயகன். குழந்தை அங்கே ஓர் ஓரத்துக் குறிப்பு.

அந்தக் குறிப்பு ஏன் போதாது என்பதை வாசகர்கள் சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டும். பெரியவருக்குப் பெரும்பாலும் இருதயம் முதலில் நிற்கிறது. நல்ல மூச்சோடு பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று சாய்கிறார். இரத்தத்தில் பிராணவாயு நிறையவே இருக்கிறது, அதைச் சுற்றியனுப்புகிற யந்திரந்தான் கெட்டுவிட்டது. குழந்தையின் இருதயமோ அநேகமாகக் குற்றமற்றது. சளிக்காய்ச்சலிலோ, தொண்டையில் சிக்கிய வேர்க்கடலையிலோ, வயிற்றுப்போக்கிலோ, கிணற்று நீரிலோ மூச்சும் இரத்த ஓட்டமும் மெல்ல மெல்லக் குறைந்து, உடல் தன் சக்தி முழுவதையும் செலவிட்டுப் போராடிக் களைத்து, பிராணவாயு வற்றி, துடிப்பு தளர்ந்து, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் அந்த நல்ல இருதயம் நிற்கிறது. அது நின்ற பிறகு மீட்பது மிகவும் கடினம். மீண்டாலும் மூளை பழுதின்றி மீள்வது அரிது. ஆனால் அந்த முடிவுக்கு முன்னால் சில நிமிஷங்களோ சில மணி நேரமோ குழந்தையின் உடல் எச்சரித்துக்கொண்டேயிருக்கிறது. ஆகையால், பெரியவர்களுக்கான பாடம் 'விழுந்தவரை எழுப்புவது எப்படி' என்று தொடங்கினால், குழந்தைகளுக்கான பாடம் 'விழப்போவதை முன்னதாகக் காண்பது எப்படி' என்றல்லவா தொடங்க வேண்டும்? இது சுருக்கிப் பெறுகிற பாடம் அன்று, வேறு பாடம்.

இதை உலகுக்கு உறைக்கும்படி செய்ததில் சாஸ்திரத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு துக்கத்துக்கும் உண்டு. மூச்சு மீட்பின் தந்தை என்று பெயர் பெற்ற அதே பீட்டர் ஸாஃபருடைய மகள் எலிஸபெத், 1966-இல், தகப்பனார் வெளியூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்த வேளையில் ஆஸ்துமா முற்றி மூச்சுத் திணறி விழுந்தாள். அவளுடைய இருதயமும் நுரையீரலும் மீண்டன, மூளை மீளவில்லை. பதினோரு வயதில் அவள் இறந்துபோனாள். இருதயத்தையும் மூச்சையும் மீட்பதோடு நில்லாமல் மூளையையும் சேர்த்து மீட்க வேண்டும் என்று ஸாஃபர் தம் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்ததும், அடுத்த ஆண்டே பிட்ஸ்பர்க் நகரத்தில் வேலையற்ற கறுப்பின இளைஞர்களைப் பழக்கி 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் சேவை அமைவதற்குத் துணைநின்றதும் அதன் பிறகு நடந்தவை.

பத்து ஆண்டுகள் கழித்து இன்னொரு தகப்பனார். நெப்ராஸ்கா மாகாணத்து எலும்பு முறிவு நிபுணர் ஜேம்ஸ் ஸ்டைனர், 1976 பிப்ரவரியில் மனைவியோடும் நான்கு குழந்தைகளோடும் தம்முடைய சிறிய விமானத்தைத் தாமே ஓட்டிக்கொண்டு இரவில் ஊர் திரும்புகையில் அது ஒரு வயல்வெளியில் விழுந்து நொறுங்கியது. மனைவி அந்த இடத்திலேயே இறந்தார். மூன்று குழந்தைகளுக்குக் கடுமையான காயம். குளிரில் குழந்தைகளைப் போர்த்திக் கிடத்திவிட்டு, சாலைக்கு நடந்து, போகிற காரை மறித்து, அருகிலிருந்த சிற்றூர் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்த அவர், வயலில் வெறுங்கையோடு தாம் செய்த சிகிச்சையைக் காட்டிலும் அங்கே கிடைத்த சிகிச்சை மட்டமாக இருந்ததைக் கண்டு திடுக்கிட்டார். அந்த ஊர் டாக்டர்களை அவர் வைது தீர்க்கவில்லை. யாரும் கற்றுத்தராததை அவர்கள் எப்படிச் செய்வார்கள் என்று யோசித்தார். இருதயச் சிகிச்சைப் பயிற்சியின் அச்சிலேயே விபத்துக் காயங்களுக்கும் ஒரு பயிற்சியைச் சகாக்களோடு சேர்ந்து வகுத்து 1978-இல் நடத்திக் காட்ட, 1980-இல் அமெரிக்க அறுவை நிபுணர் கல்லூரி அதைத் தனதாக்கிக்கொண்டது. இரண்டு நாள் வகுப்பு, கைப்பழக்கத்துக்குத் தனித்தனி மேஜைகள், இறுதியில் பரீட்சை, தேறினால் ஓர் அட்டை என்ற அச்சு எந்த அவசரத்துக்கும் பொருந்தும் என்பது அப்போதுதான் நன்றாக ருசுவாயிற்று.

குழந்தைகளுக்கென்று அந்த அச்சை வார்க்கும் வேலையை அமெரிக்க இருதயச் சங்கம் 1978-இல் ஒரு சிறு குழுவிடம் ஒப்படைத்தது. அதில் முன்னின்று உழைத்தவர்களுள் ஒருவர் ஹார்ட்போர்ட் நகரத்துக் குழந்தை இருதய நிபுணர் லியோன் கமைடஸ். இவருடைய பூர்வ கதையைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை. 1935-இல் போலந்து நாட்டுக் கட்டோவிட்ஸே நகரில் ஒரு யூத மதகுருவின் மகனாகப் பிறந்தவர் இவர். 1942 ஆகஸ்டில், ஜெர்மானியர் பிடியிலிருந்த லிவிவ் நகரத்தில் யூதர்களை வண்டி வண்டியாகக் கொலைக்களத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது, இவருடைய தகப்பனார் அந்நகரத்துக் கிரேக்கக் கத்தோலிக்கப் பேராயர் ஷெப்டிட்ஸ்கியிடம் போய், எங்களை விட்டாலும் பிள்ளைகளையாவது காப்பாற்றுங்கள் என்று வேண்டினார். பேராயர் இசைந்தார். ஏழு வயது லியோன் துறவிகளின் மடமொன்றில் வேற்றுப் பெயரோடும் வேற்று மொழியோடும் ஒளிந்து பிழைத்தார். தாய் தந்தையர் இருவரும் பிழைக்கவில்லை. யுத்தம் முடிந்த பிறகு இங்கிலாந்துக்கும் அங்கிருந்து அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்து வைத்தியம் கற்றார். இந்தக் கதைக்கும் அவர் பிற்காலத்தில் ஏற்ற பணிக்கும் நடுவே காரண காரியம் தேட நான் துணியவில்லை.

குழுவின் வேலை ஆமை நடையில் நடந்தது. அதற்கும் நியாயம் இருந்தது: எழுதுவதற்கு ஆதாரமே போதவில்லை. 1983-இல் குழந்தை உயிர்மீட்புக்கென்றே தனி மாநாடு கூட்டி, கிடைத்த ஆராய்ச்சிகளையெல்லாம் பரப்பி வைத்துப் பார்த்தார்கள். இதற்கிடையே ஹவாயைச் சேர்ந்த குழந்தை வைத்தியர் கால்வின் ஸியா விடாப்பிடியாக வற்புறுத்தியதன் பேரில், அம்மாகாணத்து செனட்டர் டானியல் இனூயே முயன்று, குழந்தைகளுக்கான அவசர சிகிச்சைச் சேவைச் சட்டத்தை 1984-இல் நிறைவேற்றுவித்தார். ஆம்புலன்ஸ்களில் குழந்தை அளவிலான முகமூடிகூட இல்லாமலிருந்த காலம் அது. பிறந்த சிசுவுக்கான பயிற்சி 1987-இல் வந்தது. 1988-இல், கமைடஸ் பதிப்பித்த பாடநூலோடு, குழந்தைகளுக்கான உயர்நிலை உயிர்காப்புப் பயிற்சி தொடங்கியது. இன்று நம்மூர் நர்சுகளும் டாக்டர்களும் "பால்ஸ் முடிச்சாச்சா?" என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வது இதைத்தான்.

இந்தப் பாடம் எதைச் சொல்லிக்கொடுக்கிறது? முதலில், தொடாமல் பார்ப்பதை. வாசற்படியில் நின்றபடியே, குழந்தை தாயின் முகத்தைப் பார்க்கிறதா, துவண்டு கிடக்கிறதா. மூச்சிழுக்கும்போது விலா இடுக்கு உள்வாங்குகிறதா, மூக்குத் துவாரம் விடைக்கிறதா. தோல் வெளுத்திருக்கிறதா, திட்டுத் திட்டாக இருக்கிறதா என்ற மூன்றையும் அரை நிமிஷத்துக்குள் கண்ணாலேயே அளந்துவிட வேண்டும். "வந்தபோது வீரிட்டு அழுதுகொண்டிருந்தது, இப்போது சமர்த்தாகிவிட்டது" என்று தாய் சொன்னால் பயிற்சி இல்லாதவர் நிம்மதியடைகிறார். பயிற்சி பெற்றவருக்கு வயிறு கலங்குகிறது. இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறதே என்றும் ஆறுதல் கொள்வதற்கில்லை. குழந்தையின் உடல் கடைசி மட்டும் அழுத்தத்தைக் கட்டிக் காத்துவிட்டு, ஒரேயடியாகக் கைவிட்டுவிடும்.

அடுத்தது கணக்கு. கைக்குழந்தையின் மூச்சுக்குழல் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் குறுக்களவுள்ளது. அதன் உட்சுவர் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கிவிட்டால், வழியில் முக்கால் பாகம் அடைபட்டு, காற்றுக்கு ஏற்படும் தடை 16 மடங்காகிறது. 8 மில்லிமீட்டர் குழலுள்ள பெரியவருக்கு அதே வீக்கத்தால் தடை 3 மடங்குதான். நமக்குத் தொண்டை கட்டிக்கொள்வதும் குழந்தைக்கு உயிர் போவதும் அந்த ஒரே மில்லிமீட்டரால். பிறந்த குழந்தையின் உடலிலுள்ள இரத்தம் கிலோவுக்கு 80 மில்லி வீதம் கணக்கிட்டால் ஒரு காப்பித் தம்ளருக்கு மேல் தேறாது. சிந்துவதற்கு அதில் என்ன இருக்கிறது?

மருந்தின் அளவோ எடையைப் பொறுத்தது. அவசரத்தில் எடை பார்க்க நேரம் ஏது? தசம புள்ளி ஓரிடம் தள்ளினால் அளவு பத்து மடங்காகிவிடும். இந்தப் பயத்தினால் இரவெல்லாம் தூக்கமிழக்கும் டாக்டர்களின் பொருட்டு, வட கரோலினாவின் ஜேம்ஸ் புரோஸ்லோ, புளோரிடாவின் ராபர்ட் லூட்டனோடு சேர்ந்து 1980-களில் ஒரு நாடா செய்தார். தையற்காரர் நாடாவைப் போலக் குழந்தையின் உச்சி முதல் குதிகால் வரை பிடித்தால், குதிகால் விழுந்த வர்ணப் பட்டையிலேயே உத்தேச எடை, மருந்தின் அளவு, குழாயின் அளவு எல்லாம் அச்சிட்டிருக்கும். எத்தனை எளிய யுக்தி! ஆயினும் அமெரிக்கக் குழந்தைகளை அளந்து செய்த நாடா நம் குழந்தைகளுக்கு அப்படியே பொருந்தவில்லை. 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, 10 கிலோவுக்கு மேற்பட்ட இந்தியக் குழந்தைகளின் எடையை அது 10 சதவீதத்துக்கும் அதிகமாகக் கூட்டிக் காட்டுவதை எடுத்துரைத்தது. உயரம் ஒன்றானாலும் நம் பிள்ளைகள் உடல் மெலிந்தவர்கள்.

நம் நாட்டிலிருந்து அமெரிக்கா கற்றுக்கொண்ட ஒன்றும் இந்தப் பாடத்தில் உண்டு. நீர் வற்றிச் சுருண்ட குழந்தைக்கு ஊசி ஏற்ற நரம்பு கிடைப்பதில்லை. மற்ற நரம்பெல்லாம் ஒடுங்கினாலும் எலும்பு மஜ்ஜையின் இரத்த நாளங்கள் ஒடுங்குவதில்லை. இந்த ரகசியம் 1922-லேயே தெரிந்து, 1940-களில் பிலடெல்பியாவின் டோகான்டின்ஸ் போன்றோர் கையாண்டு, பிளாஸ்டிக் குழாய்கள் வந்தவுடன் மேல்நாடுகளில் மறக்கப்பட்டுவிட்டது. ஜேம்ஸ் ஆர்லவ்ஸ்கி என்ற அமெரிக்கக் குழந்தை வைத்தியர் இந்தியாவுக்கு வந்திருந்தபோது, காலரா நோயாளிகளுக்கு இங்குள்ளவர்கள் முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் ஊசியைத் திருகி அதன் வழியே நீரேற்றிப் பிழைக்கவைப்பதைக் கண்டார். ஊர் திரும்பி 1984-இல் அவர் எழுதிய தலையங்கம், போர்க்களத்தில் ஒரு குதிரைக்காக ராஜ்யத்தையே தர முன்வந்த ஷேக்ஸ்பியரின் அரசனை நினைவூட்டும் தலைப்போடு, மறந்த வித்தையை மீட்டுத் தந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து வந்த பால்ஸ் பாடத்தில் அதற்கு இடம் கிடைத்துவிட்டது. காலரா வார்டில் வேறு வழியின்றி அதைச் செய்துகொண்டிருந்த அந்த நம்மவர்களின் பெயர்கள் மட்டும் எந்தப் பாடநூலிலும் இல்லை.

பயிற்சி நடக்கும் அறைக்குள் எட்டிப் பார்த்தால், ஒரு மேஜையில் கோழிக்கால்கள் அடுக்கியிருக்கக் காணலாம். எலும்புக்குள் ஊசி ஏற்றப் பழகுவது அவற்றில்தான். கத்தி பிடித்துப் பழகிய கைகூட முதலில் தயங்குகிறது. திருகத் திருக எலும்பு எதிர்த்துக்கொண்டே வந்து, திடீரென்று 'சட்'டென்று இளகிக் கொடுக்கும் அந்தக் கணத்தை எந்தப் புத்தகமும் விளக்க முடியாது, விரலே உணர வேண்டும். அடுத்த மேஜையில் ரப்பர் குழந்தை. அதைச் சமதளத்தில் கிடத்தினாலே பெரிய பின்மண்டையின் கனத்தால் கழுத்து மடங்கி மூச்சு வழி அடைபடுவதைக் காட்டிவிட்டு, தோளுக்கடியில் ஒரு துண்டை மடித்து வைத்து மூக்கு மேல்நோக்கும்படி நிமிர்த்தச் சொல்கிறார் ஆசிரியர். மூச்சு ஊட்டும் 'அம்பு பேக்' என்ற பையை முழுப் பலத்தோடு பிசைகிற டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்து, "மார்பு எழும்பினால் போதும் சார்" என்கிறார். கடைசி மேஜையில் ஆறு பேர் கொண்ட குழு, ஒருவர் தலைவர்.

"சிஸ்டர், 10 கிலோ குழந்தை, அட்ரினலின் பத்தாயிரத்துக்கு ஒன்று, 1 மில்லி போடுங்க."

"அட்ரினலின் பத்தாயிரத்துக்கு ஒன்று, 1 மில்லி... போட்டாச்சு டாக்டர்."

கேட்டதைத் திருப்பிச் சொல்வதும், செய்து முடித்ததை உரக்க அறிவிப்பதும் பயிற்சியின் கட்டாயம். பெரிய டாக்டர் தவறான அளவைச் சொன்னால், "டாக்டர், அளவை இன்னொரு தடவை பாருங்க" என்று நர்ஸ் தயங்காமல் சொல்ல வேண்டும் என்பதும் அங்கே பாடத்தில் சேர்ந்தது. நம் மருத்துவமனைகளின் மரியாதைப் படிக்கட்டை அறிந்தவர்களுக்கு, கோழிக்காலைவிட இது கடினமான பாடம் என்பது விளங்கும்.

இப்படி எழுதி வைத்த பாடமும் சாசுவதமாக நிற்கவில்லை. இரத்த ஓட்டம் குன்றிய அதிர்ச்சி நிலையில் வரும் குழந்தைக்குக் கிலோவுக்கு 20 மில்லி வீதம் உப்புநீரை வேகமாக ஏற்று, தேறாவிட்டால் மறுபடியும் ஏற்று என்பது நெடுநாள் விதி. தீவிர சிகிச்சைப் பிரிவுகள் கொண்ட அமெரிக்க மருத்துவமனையில் 34 குழந்தைகளைப் பார்த்து 1991-இல் எழுதிய கட்டுரை அதற்கு வலுவூட்டியது. சென்னை எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனை அவசரப் பிரிவில் இரண்டு வேகங்களை ஒப்பிட்டு 2008-இல் வெளியிட்ட ஆய்வில், அதிக வேகத்தால் அதிக உயிர் பிழைக்கவில்லை என்று கண்டார்கள். 2011-இல் ஆப்பிரிக்காவிலிருந்து இடி விழுந்தது. கென்யா, உகாண்டா, தான்ஸானியா நாடுகளில் காய்ச்சலோடு அதிர்ச்சியின் அறிகுறிகளும் கண்ட 3,141 குழந்தைகளை வைத்துக் கேத்ரின் மெய்ட்லண்ட் குழுவினர் நடத்திய பரீட்சையில், வேகமாக நீரேற்றப்பட்ட குழந்தைகளில் 100-க்கு 10 பேருக்கு மேல் 48 மணி நேரத்துக்குள் இறக்க, அப்படி ஏற்றாமல் நிதானமாக நடத்தியவர்களில் இறந்தவர் 7.3 சதவீதமே! வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தைகளை அந்தப் பரீட்சையில் சேர்க்கவில்லை. மலேரியாவும் இரத்தசோகையும் அதில் மிகுதி. செயற்கை மூச்சு யந்திரம் அங்கே கிடையாது. இந்த வேறுபாடுகளைச் சுட்டி வாதங்கள் இன்னும் நடக்கின்றன. ஆனால் அதன் பிறகு எழுதிய பாடநூல்கள் ஒவ்வொரு தவணை நீருக்குப் பிறகும் நிறுத்தி, ஈரல் இறங்கிவிட்டதா, நுரையீரலில் நீர்ச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டே மேலே போகச் சொல்கின்றன.

ஆகவே, கேள்வி கேட்ட அம்மையாருக்கு இன்றைய நிலவரப்படி என் பதில் இது. கைக்குழந்தைக்கு அப்படியே இல்லை. மார்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 4 சென்டிமீட்டர், நிமிஷத்துக்கு 100 முதல் 120 வரை அழுத்த வேண்டும். தனியாக இருந்தால் 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு, பயிற்சி பெற்றவர் இருவர் இருந்தால் 15-க்கு இரண்டு. மூச்சு ஊதுவதை விட்டுவிடக் கூடாது. இரண்டு விரல் நுனிகளால் அழுத்தச் சொல்லி நெடுங்காலம் கற்பித்தார்கள். 2025-இல் வந்த அமெரிக்க நெறிமுறை அதைக் கைவிட்டு, மார்பை இரு கைகளாலும் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டை விரல்களாலோ, ஒரு கையின் அடிப்பாகத்தாலோ அழுத்தச் சொல்கிறது. இதை என் கட்டுரையைப் படித்துக் கற்றுக்கொண்டதாக எண்ணிவிடாமல், அருகில் எங்கே ரப்பர் குழந்தை வைத்துப் பழக்குகிறார்கள் என்று விசாரித்து ஒரு நாள் போய் வாருங்கள். டாக்டர்களுக்குக் கொடுக்கும் அட்டையே இரண்டு ஆண்டுகளில் காலாவதியாகிவிடுகிறது.

அடுத்த இதழில், மலாவி நாட்டு பிளான்டயர் நகரத்து மருத்துவமனை வாசலில், வரிசையில் காத்திருந்த குழந்தைகளைப் பற்றிப் பார்ப்போம்.

(தொடரும்)